சமையலறைக் கூரையில் தொங்கிய கொத்து



வாசகர் வட்டத்தின் டிசம்பர் மாதக் கூட்டம், கிறிஸ்துமஸை ஒட்டி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். குடிலைப் பற்றியும் கேரல் பாட்டைப் பற்றியும் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரு செடியைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். ஹாரி பாட்டர் படித்த பிள்ளைகளுக்குப் பழக்கமான செடிதான். ஐந்தாம் புத்தகத்தில் ஹாரியும் சோ சாங்கும் தலைக்கு மேலே தொங்கும் ஒரு கொத்தைப் பார்த்துவிட்டு முத்தமிட்டுக்கொள்வார்களே, அந்த மிசில்டோ. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதை வாசல் நிலையிலோ கூரையிலோ கட்டித் தொங்கவிடுவார்கள். அதன் கீழே எதிர்ப்படும் இருவர் முத்தமிட்டுக்கொள்ளலாம். அங்கே முத்தம் பெறாத பெண்ணுக்கு அடுத்த ஆண்டு கல்யாணம் கைகூடாது என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது.

இது எங்கிருந்து வந்த வழக்கம் என்று கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பழைய கெல்டியரின் துரூயிட் பூசாரிகள் காலத்திலிருந்து வருகிறது என்பார்கள்; அல்லது வட ஐரோப்பிய அன்னை தெய்வம் ஒருத்தி தொடங்கிவைத்தாள் என்பார்கள். எப்படியும் ஈராயிரம் வருஷத்துக்குக் குறையாது. எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. இந்த முத்தத்துக்கு வயது ஏறக்குறைய இருநூற்றைம்பது. இதை உண்டாக்கியவர்கள் இங்கிலாந்தின் வேலைக்காரப் பெண்களும் பண்ணையாட்களும். பழமை என்பது பிற்பாடு படித்தவர்கள் போர்த்திய பட்டு. இதுதான் என் கட்சி.

முதலில் சமையலறைக்குப் போவோம். சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37இல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் டிங்லி டெல் என்ற கிராமத்துப் பண்ணைவீட்டுக் கிறிஸ்துமஸ் வருகிறது. வீட்டுக்காரர் வார்டில் தம் கையாலேயே ஒரு பெரிய மிசில்டோக் கொத்தைக் கூரையின் நடுவே கட்டுகிறார். எந்தக் கூரையில் என்பதைக் கவனியுங்கள். வரவேற்பறை இருக்கிறது, விருந்துக்கூடம் இருக்கிறது. அவர் கட்டுவது சமையலறையில். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு எசமானர்களும் வேலைக்காரர்களும் ஒன்றாகச் சமையலறையில் உட்காருவது அந்த வீட்டு வழக்கம். கொத்து ஏறியதுதான் தாமதம், அமளி தொடங்கிவிடுகிறது. பிக்விக் கிழவர், வார்டிலின் வயதான தாயாரைக் கைப்பிடித்து அழைத்துவந்து, ராஜசபையில் செய்வதுபோல முத்தமிடுகிறார். அந்த அம்மாளும் தம் கௌரவத்துக்குக் குறைவில்லாமல் ஏற்றுக்கொள்கிறார். இளம்பெண்கள் கூச்சலிடுகிறார்கள், மூலைக்கு ஓடுகிறார்கள், மிரட்டுகிறார்கள். அறையைவிட்டு வெளியே போவதை மட்டும் செய்யவில்லை. பிக்விக்கின் வேலைக்காரன் சாம் வெல்லர் கொத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும் என்ற சம்பிரதாயத்தையெல்லாம் பார்க்காமல் கையில் அகப்பட்ட பணிப்பெண்களை முத்தமிட்டுக்கொண்டே போகிறான். கடைசியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பிக்விக்கையே சூழ்ந்துகொள்கிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு. இன்று கொத்து தொங்கவிடுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது. மிசில்டோவில் வெள்ளை வெள்ளையாகக் காய்கள் இருக்கும், மணித்தக்காளி அளவில். ஒவ்வொரு முத்தத்துக்கும் ஆண்மகன் ஒரு காயைப் பறித்துவிட வேண்டும். காய் தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1819–20இல் வெளியிட்ட 'ஸ்கெட்ச் புக்' நூலில் ஓர் அடிக்குறிப்பாக இதைச் சொல்கிறார். அவரும் பண்ணைவீடுகளையும் சமையலறைகளையும்தான் குறிப்பிடுகிறார். அவருக்கு முன்பே நியூகாசிலைச் சேர்ந்த ஜான் பிராண்ட் என்ற பாதிரியார் நாட்டு வழக்கங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1806இல் அவர் இறந்தபின் 1813இல் வந்த விரிவான பதிப்பிலும் இதே காய்க் கணக்கு இருக்கிறது. அதில் பிராண்டின் குறும்பும் இருக்கிறது. கொத்தின் கீழே தற்செயலாக நிற்கும் பெண்ணை முத்தமிட வாலிபனுக்கு உரிமை இருந்தது, அல்லது இருப்பதாக அவன் சொல்லிக்கொண்டான் என்ற பொருள்பட எழுதுகிறார். அந்த 'அல்லது'க்குப் பிறகு வருவதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதற்கும் பின்னால் போனால் தடம் சட்டென்று மங்கிவிடுகிறது. 1784இல் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் இளைய ஜார்ஜ் கோல்மனின் 'டூ டு ஒன்' என்ற இசை நாடகம் மேடையேறியது. அதிலுள்ள ஒரு பாட்டில் மிசில்டோ முத்தம் வருகிறது. ஆய்வாளர்கள் வழக்கமாகச் சுட்டும் மிகப் பழைய அச்சுச் சான்றுகளில் அது ஒன்று. அந்தப் பாட்டில் முத்தமிடும் ஆண்களுக்குப் பிரபுக்களின் பெயர்கள் இல்லை. லாயத்தில் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர்கள். அதற்கு முந்தைய நூற்றாண்டில் ராபர்ட் ஹெரிக் இருக்கிறார். முத்தத்தைப் பற்றி எழுதக் கூச்சமே படாத கவிஞர். கிறிஸ்துமஸ் முடிந்து வீட்டிலிருந்து இறக்க வேண்டிய தழைகளில் மிசில்டோவையும் அவர் சேர்த்துச் சொல்கிறார். ஆனால் அதன் கீழே ஒருவரையும் முத்தமிட வைக்கவில்லை. அப்படி ஒரு வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பாரா? ஷேக்ஸ்பியரிடம் போனால் நிலைமை இன்னும் மோசம். 'டைட்டஸ் ஆண்ட்ரானிக்கஸ்' நாடகத்தில் ஒரு பயங்கரமான காட்டை வருணிக்கும்போது மிசில்டோ வருகிறது, கேடு செய்யும் செடியாக.

அப்படியானால் துரூயிட் பூசாரிகள் எப்படி உள்ளே வந்தார்கள்? அதற்கு மூலம் ஒரே ஒரு ரோமானியர், மூத்த பிளினி. வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79இல் மாண்டவர். அவருடைய 'இயற்கை வரலாறு' பதினாறாம் நூலில், காலியா, அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியின் துரூயிட் பூசாரிகளுக்கு மிசில்டோவைவிடப் புனிதமானது வேறில்லை, அதுவும் ஓக் மரத்தில் முளைத்ததாக இருக்க வேண்டும் என்கிறார். நிலவின் ஆறாம் நாள், அதாவது நம் கணக்கில் சஷ்டி, வெள்ளை உடை உடுத்திய பூசாரி மரமேறித் தங்க அரிவாளால் கொத்தை அறுக்கிறார். கீழே நிற்பவர்கள் வெள்ளைத் துணியில் ஏந்துகிறார்கள். இரண்டு வெள்ளைக் காளைகள் பலியாகின்றன. அந்தச் செடியை ஊறவைத்துக் கொடுத்தால் மலட்டு ஆடுமாடு சினைபிடிக்கும், எல்லா விஷமும் முறியும். அவ்வளவுதான். இதில் முத்தம் இல்லை, காதல் இல்லை, மார்கழிக் குளிர்காலத் திருவிழாவும் இல்லை. ஆஸ்டெரிக்ஸ் படக்கதை வாசகர்களுக்கு அந்தத் தங்க அரிவாளும் மரமேறும் தாத்தாவும் நன்றாகத் தெரியும். கலப்பில்லாத தங்கத்தில் அரிவாள் செய்தால் கத்தரிக்காய் நறுக்கவே திணறும் என்பது வேறு விஷயம்.

பிளினிக்கும் சமையலறைக்கும் நடுவே ஆயிரத்து எழுநூறு வருஷப் பள்ளம் இருக்கிறது. அதன்மேல் பாலம் போட்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஸ்டக்லி. மருத்துவராக இருந்து பாதிரியாரானவர். ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி ஆகிய தொல்கால நெடுங்கல் வட்டங்களை அளந்து, அவை துரூயிட் கோயில்கள் என்று எழுதியவர். தம்மையே ஒரு துரூயிட்டாகப் பாவித்துக்கொண்டவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் யார்க் பேராலயத்தின் பலிபீடத்துக்கு மிசில்டோவை எடுத்துச்சென்று, நகர வாசலில் எல்லோருக்கும் மன்னிப்பு அறிவிப்பார்கள் என்று அவர்தான் எழுதிவைத்தார். துரூயிட் மோகம் இங்கிலாந்தைப் பிடித்து ஆட்டிய பதினெட்டாம் நூற்றாண்டு அது. முத்தத்தைப் பற்றிய சான்றுகளும் அதே நூற்றாண்டின் கடைசியில் கிடைக்கத் தொடங்குகின்றன. சமையலறையில் பிள்ளைகள் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். மாடியில் நூலகத்தில் எசமானர் பிளினியைப் படிக்கிறார். இறங்கிவந்து பார்த்தவர், அடடா, இது துரூயிட் சடங்கு அல்லவா என்கிறார். நடந்தது கிட்டத்தட்ட இதுதான் என்பது என் ஊகம். ரொனால்டு ஹட்டன் 1996இல் பிரிட்டனின் ஆண்டுச் சடங்குகளை ஒவ்வொன்றாகச் சலித்து ஒரு பெரிய நூல் எழுதினார். தொன்மை தொன்மை என்று நாம் கொண்டாடுகிற பலவற்றின் வயதை அது கறாராகக் குறைத்துவிட்டது.

வட ஐரோப்பியக் கதைக்கு வருகிறேன். இது உண்மையிலேயே அழகான கதை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டர்லூசன் 1220 வாக்கில் எழுதிய 'எட்டா' என்ற புராண நூலில் இருக்கிறது. தேவர்களில் எல்லோருக்கும் பிரியமானவன் பால்டர். தனக்குச் சாவு வருவதாகக் கனவு காண்கிறான். அவன் தாய் ஃப்ரிக், தீ, நீர், இரும்பு, கல், மரம், நோய், விலங்கு, பறவை, பாம்பு, விஷம் என்று உலகத்தில் இருக்கிற அத்தனையிடமும் போய், என் பிள்ளைக்குத் தீங்கு செய்யமாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறாள். அதற்குப் பிறகு தேவர்களுக்கு அதுவே பொழுதுபோக்கு. பால்டரை நடுவில் நிறுத்திக் கல்லெறிவார்கள், வாளால் வெட்டுவார்கள், ஒன்றும் ஆகாது. லோகி என்ற பொல்லாதவன் பெண்வேடம் போட்டுக்கொண்டு ஃப்ரிக்கிடம் வந்து பேச்சுக் கொடுக்கிறான். வல்ஹல்லா மாளிகைக்கு மேற்கே மிசில்டோ என்று ஒரு சின்னத் தளிர் இருக்கிறது, சத்தியம் கேட்கிற வயதில்லையே என்று விட்டுவிட்டேன் என்கிறாள் தாய். இரணியன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை இல்லாத வரம் ஏது? லோகி அந்தத் தளிரைப் பிடுங்கி, பால்டரின் கண் தெரியாத சகோதரன் ஹோதரின் கையில் கொடுத்து, நீயும் எறியேன் என்று திசை காட்டுகிறான். பால்டர் விழுந்து சாகிறான். பாதாளத்தின் அரசி ஹெல், உலகத்தில் உள்ள யாவும் அவனுக்காக அழுதால் திருப்பி அனுப்புகிறேன் என்கிறாள். கல்லும் இரும்பும்கூட அழுகின்றன. ஒரே ஒரு அரக்கி மட்டும் அழ மறுக்கிறாள். அது லோகியேதான் என்று பேச்சு. பால்டர் திரும்பவில்லை.

ஸ்னோரி சொன்னது இவ்வளவே. இன்றைக்குப் புழங்குகிற கதையில் பால்டர் உயிர்த்தெழுகிறான். தாயின் கண்ணீர்த்துளிகள் வெள்ளைக் காய்களாகின்றன. மகிழ்ச்சியில் அவள், இனி இதன் கீழே வருகிறவர்களையெல்லாம் முத்தமிடுவேன் என்று வாக்களிக்கிறாள். இந்த வால் எட்டாவில் இல்லை. கிறிஸ்துமஸ் முத்தம் பிரபலமான பிறகு, அதற்கு ஒரு தாயார் தேவைப்பட்டபோது யாரோ ஒட்டியது. பிள்ளையைக் கொன்ற செடியைப் பார்த்து ஒரு தாய் எல்லோரையும் முத்தமிடக் கிளம்புவாள் என்று எப்படித்தான் எழுத மனம் வந்ததோ. இன்னொன்று: ஐஸ்லாந்தில் மிசில்டோ வளர்வதே இல்லை.

இவ்வளவு சொன்னதால், இந்தச் செடியின்மேல் பழைய நம்பிக்கை எதுவுமே கிடையாது என்று நான் வாதிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செடியே அப்படிப்பட்டது. ஐரோப்பாவின் குளிர்காலத்தில் ஆப்பிள் மரமும் பாப்ளரும் இலையெல்லாம் கொட்டி எலும்பாக நிற்கும்போது, கிளைகளின் நடுவே பச்சைப் பந்துபோல ஒன்று தெரியும். வேர் மண்ணில் இல்லை. மற்றவை காய்த்து ஓய்ந்த டிசம்பரில்தான் இது காயோடு இருக்கும். தாவர நூல்களில் விஸ்கம் ஆல்பம். நம் ஊர் மாமரத்தில் படரும் புல்லுருவி இதற்குத் தூரத்து உறவு. அதைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு: இன்றைய வகைப்பாட்டில் மிசில்டோவும் சந்தன மரமும் ஒரே குடும்பம். சந்தனமும் பக்கத்து மரத்தின் வேரில் வாய்வைத்து உறிஞ்சுகிற மரம்தானே. மிசில்டோ கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கித் தண்ணீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்ளும். இலை பச்சையாக இருப்பதால் சோறு மட்டும் தானே சமைத்துக்கொள்ளும்.

காயைப் பிதுக்கினால் உள்ளே பசை, நூல் நூலாக இழுபடும். மிசில் த்ரஷ் என்ற பறவை காயைத் தின்று கிளையில் எச்சமிடும்; விதை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசையைக் கொண்டுதான் ரோமானியர்கள் பறவை பிடித்தார்கள். த்ரஷ் தன் சாவைத் தானே கழிக்கிறது என்று அவர்களிடம் ஒரு பழமொழியே இருந்தது. அந்த வெண்ணிறப் பசையைப் பார்த்து அந்தக் காலத்து ஆட்களுக்குப் பிள்ளைப்பேறு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. பெரியவர்கள் இருக்கிற சபை, இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். புத்தாண்டில் முதலில் கன்று போட்ட பசுவுக்கு ஒரு கொத்து மிசில்டோ கொடுத்தால் தொழுவம் பெருகும் என்ற நம்பிக்கை மேற்கு இங்கிலாந்துப் பண்ணைகளில் இருந்தது. பிளினி சொன்ன மலட்டு மாட்டு வைத்தியத்துக்கும் இதற்கும் வேண்டுமானால் உறவு சொல்லலாம். ஹெரிஃபோர்டு மாவட்டத்தில் கொத்தை வருஷம் முழுக்கத் தொங்கவிட்டு, புதுக் கொத்து வந்ததும் பழையதை எரிப்பது வழக்கமாக இருந்தது. அதிர்ஷ்டத்துக்கும் தொழுவத்துக்கும் உரிய செடியாக அது நெடுநாள் இருந்திருக்கிறது. ஆண்பெண் முத்தம் அதில் ஏறிக்கொண்டதுதான் புதிது.

தேவாலயத்துக்குள் மிசில்டோ வரக்கூடாது, அது அஞ்ஞானிகளின் செடி என்று பிராண்ட் எழுதுகிறார். கோயில்பணியாளர் தெரியாமல் கொண்டுவந்தால் உண்டாம். அதனால்தான் அதற்குச் சமையலறையில் இடம் ஒதுக்கினார்களாம். ஆனால் 1716இல் ஜான் கே எழுதிய 'ட்ரிவியா' என்ற லண்டன் தெருக் கவிதையில், பண்டிகைக்குத் தேவாலயத்தை அலங்கரிக்கும் தழைகளில் மிசில்டோவும் இருக்கிறது. தடை எங்கும் ஒன்றுபோல இருந்ததில்லை என்றுதான் தெரிகிறது. ஆகவே, கோயிலில் இடம் கிடைக்காததால் சமையலறைக்கு வந்தது என்பதும் சரியான காரணமாகாது.

சமையலறைக்கு வர வேறு காரணம் இருந்திருக்கும். அந்தக் காலத்து வேலைக்காரப் பெண் எசமானர் வீட்டிலேயே தங்கியிருப்பாள். தன்னைப் பார்க்க ஆண்கள் யாரும் வரக்கூடாது என்பது பல வீடுகளில் வேலைக்கு எடுக்கும்போதே சொல்லப்பட்ட நிபந்தனை. லாயத்துப் பையனிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்கே ஒளிய வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், வருஷத்தில் சில இரவுகளுக்கு மட்டும், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், சமையற்காரம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முத்தத்துக்கு அனுமதி. அதுவும் எண்ணிக்கை வைத்து. காய் தீர்ந்தால் பையன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட நேர்த்தியான சட்டம் என்று இதைச் சொல்வேன். இதற்குப் பூசாரி எதற்கு?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். டிங்லி டெல் காட்சியை இன்று படிக்கும்போது, எதிர்த்துப் பயனில்லை என்று அந்தப் பெண்கள் அடங்கிப்போகிற இடத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. சாம் வெல்லர் ஒரு வேலைக்காரன். அதே கொத்தின் கீழே எசமானரின் மகன் வந்து நின்றால் பணிப்பெண் எப்படி மறுப்பாள்? காய்க் கணக்கு அவனைக் கட்டுமா? டிக்கன்ஸ் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

டிக்கன்ஸும் இர்விங்கும் எழுதிய பிறகு கொத்து மாடிப்படி ஏறிவிட்டது. நடுத்தர வர்க்கத்தார் கூடத்தில் தொங்கவிட்டார்கள். முன்பு பல வீடுகளில் வளையங்களைக் கோத்துப் பச்சைத் தழை சுற்றி, சிவப்பு ஆப்பிளும் மெழுகுவத்தியும் வைத்து, அடியில் மிசில்டோ கட்டிய 'முத்தக் கிளை' என்ற அலங்காரம் தொங்கியது. 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் படப் பத்திரிகையில் வந்ததும் எல்லோருக்கும் மரம் வேண்டியதாகிவிட்டது. முத்தக் கிளை மறைந்து கொத்து மட்டும் தனியாக மிஞ்சியது. அமெரிக்காவுக்குப் போன வழக்கம் அங்கே வேறு இன மிசில்டோவைப் பிடித்துக்கொண்டது. ஓக்லஹோமா 1893இலேயே அதைத் தன் மலர்ச் சின்னமாக்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது புத்தாண்டுச் செடி.

காதல் செடியோடு ஒரு பேய்க்கதையும் சேர்ந்தது. 1830களில் தாமஸ் ஹேன்ஸ் பெய்லி 'மிசில்டோ பவ்' என்று ஒரு பாட்டு எழுதினார். கிறிஸ்துமஸ் விருந்தில் புதுமணப்பெண் கண்ணாமூச்சி விளையாடப்போய் ஒரு பழைய ஓக் பெட்டிக்குள் ஒளிகிறாள், மூடி பூட்டிக்கொள்கிறது. பல வருஷம் கழித்து மணக்கோலத்தில் எலும்புக்கூடு கிடைக்கிறது. இங்கிலாந்து முழுக்கப் பாடினார்கள். 1904இல் பெர்சி ஸ்டோ இதை ஊமைப்படமாக எடுத்தார். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது என்று சொந்தம் கொண்டாடும் மாளிகைகள் மட்டும் பல.

கடைசியாக வியாபாரம். வூஸ்டர் மாவட்டத்தில் டென்பரி வெல்ஸ் என்ற சிற்றூர். ஆப்பிள் தோப்புகள் சூழ்ந்த வட்டாரம். ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் அங்கே மிசில்டோ ஏலம் நடக்கும். கட்டுக் கட்டாகத் தரையில் பரப்பி, வியாபாரிகள் சுற்றிவந்து பார்ப்பார்கள். தோப்புக்காரருக்கு இதில் இரட்டை லாபம். விட்டால் மரத்தையே உறிஞ்சிக் கவிழ்த்துவிடும், ஆகையால் எப்படியும் கழிக்க வேண்டிய செடி. பழைய தோப்புகள் அழிவதால் செடியும் அழிந்துவிடுமோ என்று கவலைப்பட்டார்கள். ஆனால் பிளாக்கேப் என்ற சிறு பறவை இப்போது குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அதிகமாக வருகிறது. அது சதையை மட்டும் தின்றுவிட்டு, பசையோடு விதையைக் கிளையில் அலகால் தேய்த்துவிடும். த்ரஷைவிட நல்ல தோட்டக்காரன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்து, தோட்டத்தில் ஆப்பிள் மரமும் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கொத்தின் காய் நடவுக்கு அவ்வளவாக ஆகாது. பிப்ரவரி, மார்ச்சில் நன்றாக முற்றிய காயைப் பறித்து, இளங்கிளையில் பிதுக்கி ஒட்ட வேண்டும். காய்ப்பதற்கு நாலைந்து வருஷமாவது பொறுக்க வேண்டும். அதிலும் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. பெண்செடிதான் காய்க்கும், அதற்கும் அக்கம்பக்கத்தில் ஆண்செடி இருக்க வேண்டும். டென்பரி ஏலத்திலும் விலை காய்க்குத்தான். காயில்லாத ஆண்கொத்தை வியாபாரிகள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.